அடுத்த வீட்டு வாசல் வழியே பொதிகைக்கு

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை ஒரே சுவராகத் தெரியும். அந்தச் சுவரில் எந்த மேடு பொதிகை என்பதில் எங்கள் வீட்டில் முப்பது வருஷச் சண்டை. அப்பா ஒரு மேட்டைக் காட்டுவார், மாமா வேறொன்றைக் காட்டுவார். மழை வெறித்த மறுநாள் காலையில் காப்பி டம்ளரோடு இரண்டு பேரும் மாடிக்குப் போனால் கீழே இறங்கும்போது பேச்சுவார்த்தை இருக்காது. இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அண்ணன் சர்வே வரைபடத்தைக் கூடத்தில் விரித்து, அம்பை என்கிற எங்கள் அம்பாசமுத்திரத்தில் ஸ்கேலின் ஒரு முனையை வைத்து அகத்தியமலைக்கு, அதாவது பொதிகைக்கு, கோடு இழுத்தான். மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே சாய்ந்து, பறவை வழியில் சுமார் 25 கிலோமீட்டர். திசைகாட்டியோடு மாடிக்கு ஓடினோம். அப்பாவின் மேடும் இல்லை, மாமாவின் மேடும் இல்லை. முன்னால் நிற்கும் மலைகளின் தோளுக்குப் பின்னாலிருந்து மூக்கு நுனியை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த மூன்றாவது ஒன்று.

"இத்தன வருஷமா அடுத்தவனக் கும்பிட்டிருக்கோம்," என்றான் அண்ணன். அன்றைக்குத்தான் அங்கே போயே ஆகவேண்டும் என்று ஆரம்பித்தது.

ஆச்சி காலத்தில் பாபநாசம் பக்கமிருந்தே போவார்களாம். காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி, தாமிரபரணி பிறக்கிற பூங்குளம், அப்புறம் உச்சி. இன்றைக்கு அந்த வழி முழுக்கக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்காடு. 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். நம் பக்கத்திலிருந்து உச்சிக்கு அனுமதி இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, கோபம் கிடையாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயில் பக்கம் நாம் விட்டுவிட்டு வருகிற குப்பையைப் பார்த்தவர்களுக்கு என் நியாயம் புரியும்.

ஆகவே நம் மலைக்கு நாம் அடுத்த வீட்டு வாசல் வழியாகப் போகவேண்டும். கேரள வனத்துறை ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை சில வாரங்கள் மட்டும் திருவனந்தபுரம் மாவட்டத்துப் போணக்காட்டிலிருந்து ஆள் விடுகிறது. மலை பக்கத்தில், 25 கிலோமீட்டர். சாலையோ தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய், தென்மலை, குளத்துப்புழை, விதுரை என்று அதைப்போல ஐந்தாறு மடங்கு சுற்றும். முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம், இரண்டாம் நாள் உச்சிக்குப் போய்த் திரும்புவது, மூன்றாம் நாள் இறக்கம். நடுவிலுள்ள அந்த ஒருநாள்தான் விஷயம். மற்ற இரண்டு நாளும் அதற்கு வாசலும் திண்ணையும்.

பெண்களுக்கு அந்த வாசலே 2019 ஜனவரியில்தான் திறந்தது. கேரள உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த மாதம் தன்யா சனல் முதல் ஆளாகப் போய் வந்தார். எனக்கு முப்பது வயதிருக்கும்போது திறந்திருந்தால் முழங்காலைப் பற்றி இந்தக் கட்டுரையில் இவ்வளவு வந்திருக்காது.

போன ஜனவரியில் நாங்கள் மூன்று பேர் போனோம். நான், அண்ணன், அண்ணன் மனைவியான மைனி. உச்சியைத் தொடவில்லை. இந்த ஜனவரிக்கு மறுபடி இடம் கிடைத்திருக்கிறது. போன தடவை போட்ட திட்டத்தின் ஓட்டைகளை அடைத்துப் புதுத்திட்டம் போட்டு முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

பழைய திட்டத்தைத் தயாரித்தவள் நான். கணக்கு டீச்சர் என்ற திமிரில் தயாரித்தது. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சூத்திரம் சொன்னார். மட்டமான வழியில் மணிக்கு 5 கிலோமீட்டர். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி கூடுதல். அதிருமலையிலிருந்து உச்சிக்கு ஆறு கிலோமீட்டரை ஒட்டி வரும். வரைபடத்தில் கோடுகளை எண்ணி, கூட்டிப் பெருக்கி, மேலே போக இரண்டரை மணி என்று நோட்டில் சிவப்பு மையால் கட்டம் கட்டினேன். கட்டம் கட்டியது பெரிய தவறு. கட்டம் கட்டிவிட்டால் எண் உண்மையாகிவிடுகிறது.

நெய்ஸ்மித் சொன்னது நல்ல திடகாத்திரமான ஆளுக்கு, நல்ல பாதையில், அன்றைக்குக் காலையில் புதிதாக எழுந்து நடப்பவனுக்கு. நாங்கள் முந்தின நாள் முழுக்க ஆறுகளைக் கடந்து, புல்மேட்டில் வெயில் வாங்கி, முட்டிடிச்சான் ஏறிவந்தவர்கள். பேரிலேயே எல்லாம் இருக்கிறது. ஏறும்போது முட்டி வந்து நெஞ்சில் இடிக்கும். அந்தக் கால்களுக்கு எந்தச் சூத்திரமும் கிடையாது. இன்னொன்று, ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நம் சர்வே வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. இரண்டு கோட்டுக்கு நடுவே பதினெட்டு மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று ஒளிந்துகொண்டால் காகிதத்தில் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். பொதிகையின் கடைசிப் பகுதியில் அப்படிப்பட்ட வெள்ளைகள் இருக்கின்றன. அங்கேதான் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. அது எனக்கு ஊர் திரும்பிப் பல வாரம் கழித்துத்தான் விளங்கியது.

அம்பை, கல்லிடை, விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றி ஒரு பழக்கம் உண்டு. எங்களுக்குக் காலை சீக்கிரம், மாலை குறைச்சல். கிழக்கே கடல்வரை தடையில்லை என்பதால் சூரியன் வந்தவுடன் முற்றத்தில் விழும். சாயங்காலம் மலை அதைப் பஞ்சாங்க நேரத்துக்கு முன்பே விழுங்கிவிடும். ஆகவே வெளியூர் போனாலும் "இருட்டுறதுக்கு முந்தி" என்று பயந்துகொண்டு, காலையைத் தாராளமாகச் செலவு செய்வோம். மலைக்கு அந்தப்பக்கம் இது அப்படியே தலைகீழ். அதிருமலை உச்சிக்கு வடமேற்கே கிடக்கிறது. தை மாதத்துச் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே ஒதுங்கித்தான் எழும். அதாவது உச்சிக்கு நேர் பின்னாலிருந்து. மணி ஏழரை ஆகியும் முகாமில் வெளிச்சம் இருக்கிறதே தவிர வெயில் இல்லை. குளிரில் கஞ்சித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வெயில் வரட்டும், கெளம்பலாம்" என்று உட்கார்ந்திருந்தோம். வெயில் வரவில்லை. அண்ணன் இரண்டாம் தடவை கஞ்சி வாங்கப் போனான். 8:20-க்குக் கிளம்பினோம். எங்களுக்கு முன் போனவர்களின் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

வழிகாட்டியாக வந்தவர் இந்த மலையின் பழங்குடியான காணிக்காரர். வயது என்னைவிடக் குறைவு. தமிழும் மலையாளமும் குழைந்த பேச்சு, ரப்பர் செருப்பு. 1987-இல் இந்தக் காட்டுக்குள் வந்த ஆராய்ச்சிக் குழுவினர் மூச்சுவாங்கி நின்றபோது, கூடவந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு அசராமல் நடந்ததைக் கவனித்துத்தான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளி உலகத்துக்குத் தெரிந்தது. அவரிடம் அந்தக் காயைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கேட்கும் அளவுக்கு மூச்சு இருந்தால்தானே.

பொங்கல்பாறையில் 10:15. நல்ல தண்ணீர், அகலமான பாறை, உட்கார்ந்தால் எழ மனம் வராத இடம். அதற்கு மேல் மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து, காற்று சீவிவிட்டதுபோல ஒரே உயரத்தில் நிற்கின்றன. பாறை இடுக்குகளில் வரைக்கமுகு ஒல்லியாக எட்டிப் பார்க்கிறது. அப்புறம் முகடு. இரண்டு பக்கமும் நிலம் விலகிப்போய், நடுவில் நாம் மட்டும் நடப்பதுபோல ஒரு நீளம். இடதுபக்கம் நம் ஊர் என்று தெரியும். ஆனால் ஒன்றும் தெரியவில்லை. பால்வெள்ளை. வலதுபக்கம் கேரளம் பளிச்சென்று வெயிலில் கிடந்தது, தூரத்தில் ஒரு அணைத்தண்ணீர் மினுங்கியது.

கயிற்றுப் பாறையின் அடிக்கு வந்தபோது மணி 12. ஊரிலேயே பேசிவைத்த திரும்பும் நேரம் அதுதான். எங்கே இருந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடவேண்டும் என்று மூன்று பேரும் கையடித்திருந்தோம். இடதுபக்கத்து வெள்ளை அதற்குள் முகட்டைத் தாண்டி எங்கள் காலுக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. பாறை வியர்த்திருந்தது. அண்ணன் மேலே பார்த்தான். "அரை மணி நேரம்டி. இங்கன வந்துட்டு..." என்று ஆரம்பித்தான். நானும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், நனைந்திருந்தது. அரை மணி என்று நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் மைனியைக் காணோம்.

அவள் இருபது அடி கீழே இறங்கிவிட்டாள். கோபமில்லை, விவாதமில்லை. பஸ் வந்துவிட்டதுபோல நடந்துகொண்டிருந்தாள். வழிகாட்டி எங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் பின்னாலேயே போனார். மூன்று பேரில் ஒருத்தி இறங்கிவிட்டால் மற்ற இரண்டு பேருக்கு உச்சி கிடையாது.

அம்பை வரை நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. சின்னத்தனம்தான். ஆரியங்காவில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் அவளே சொன்னாள். "எஸ்டேட்ல மேகம் தரையத் தொட்டுட்டுன்னா கொழுந்து எடுக்கவங்க வரிசைய விட்டு எறங்கிருவோம். யாரும் சொல்ல வேண்டாம். அது வந்தா சாயங்காலம் வரைக்கும் போகாது, கேட்டியா. அது நம்ம மேகம்."

மைனி நாலுமுக்கில் பிறந்தவள். மாஞ்சோலைக்கு மேலே, காக்காச்சி தாண்டி, தேயிலைக்குள் இருக்கிற ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத்து வேலை. இப்போது அவர்களும் கீழே இறங்கிவிட்டார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் இந்தக் கட்டுரை மலைக்குப் போய்ச் சேராது.

நம்ம மேகம் என்றாளே, அதை நான் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். போவதற்கு முன் ஒரு வாரமாகத் திருவனந்தபுரத்து வானிலையை நாளுக்கு நாலு தடவை பார்த்திருந்தேன். கேரளத்தில்தானே ஏறுகிறோம்? அங்கே வெயில், வெயில், வெயில் என்றது. தப்பில்லை, அங்கே வெயில்தான் அடித்தது. ஆனால் தை மாதம் வாடைக்காற்று இன்னும் முழுசாக அடங்கியிருக்காது. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வருகிற காற்று மோதுவது மலையின் கிழக்குமுகத்தில். அங்கேதான் மேலே தள்ளப்பட்டுக் குளிர்ந்து மேகமாகிறது. முகட்டைத் தாண்டி அந்தப்பக்கம் வழிந்ததும் கரைந்துபோகிறது. வடகிழக்குப் பருவத்தில் நாலுமுக்கும், ஊத்து என்ற தோட்டத்து ஊரும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்குகிற ஊர்களில் சேர்வது இதனால்தான். எங்களைத் திருப்பி அனுப்பிய மேகம் எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து ஏறி வந்தது. போணக்காட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தால் அது கடைசிவரை தெரியாது.

இதில் ஒரு தமாஷ். அந்த உச்சியிலேயே ஒரு காலத்தில் வானிலை அளந்திருக்கிறார்கள். 1850-களில் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் பிரவுன், அவரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், பூமியின் காந்தத்தையும் காற்றையும் அளக்க அகத்தியமலை மேல் ஒரு ஆய்வுநிலையமே வைத்தார். கண்ணாடியும் பித்தளையுமான கருவிகளை அந்தப் பாதையில் யார் தலையில் சுமந்து ஏற்றினார்களோ! நான் இரண்டு லிட்டர் தண்ணீருக்கே புலம்பினேன்.

இனி புதுத்திட்டம்.

தேதி நம் கையில் இல்லை. முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடும், கிடைத்த நாள்தான் நாள். டிசம்பரில் போனால் என்ன என்று ஒருவர் கேட்டார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை அதற்குள் மறந்துவிட்டார் போல. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையாளக்கரையின் மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் மழை, பிப்ரவரி கடைசியிலிருந்து புல் காய்ந்து தீப்பயம். 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 உயிர் போனது காய்ந்த புல்லில் பிடித்த தீயால். அம்மா இன்றைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் எங்களை வழியனுப்புவாள். இரண்டு மழைக்கும் ஒரு தீக்கும் நடுவே மீதி இருக்கிற சந்துதான் தையும் மாசித் தொடக்கமும். தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் மலைக்குப் போகும் நாட்களையும் தின்றுவிடுகிறது.

ஆனால் நேரம் நம் கையில் இருக்கிறது. இந்தத் தடவை திட்டத்தை உச்சியிலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறேன். மேகம் எழுமுன் உச்சியில் நின்றாகவேண்டும், அதற்கு 11 மணி. அங்கிருந்து என் முழங்காலின் வேகத்தில், நெய்ஸ்மித்தின் வேகத்தில் இல்லை, நான்கு மணி பின்னால் வந்தால் காலை 7. அந்நேரம் வெயில் இருக்காது, குளிரும். இருந்துவிட்டுப் போகட்டும். காலைக்கஞ்சி ஒரு தட்டு மட்டும் என்று அண்ணனிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். ஆள் கிளம்பும் நேரத்தை முகாமில் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். முதல் கூட்டத்தோடு சேர்த்துவிடச் சொல்லிக் கேட்பது என் வேலை. திரும்பும் நேரம் பழையபடி பன்னிரண்டு. அதை யாரும் பேச்சுக்கு எடுக்கப்பிடாது.

வானிலைக்குத் திருவனந்தபுரத்தை விட்டுவிட்டேன். நம் மாவட்டத்தில் தினம் காலை வருகிற மழைப்பட்டியலில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து நான்கும் உண்டு. கிளம்புவதற்கு முந்தின மூன்று நாளும் அந்த நாலு ஊரிலும் மழை இல்லையென்றால் முகடு திறந்திருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் பொங்கல்பாறை வரை போய், காலை நனைத்து, திரும்பி வருகிறோம். யோசனை மைனியுடையது. அந்தப்பக்கத்து மலைக்கு இந்தப்பக்கத்து மழைமானி.

முழங்காலுக்கு வேறு பள்ளிக்கூடம். இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பண்பொழி திருமலைக்கோயிலுக்குப் போகிறோம். அறுநூற்றுச் சொச்சம் படி. ஆறு கிலோ பொன்னி அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு மூன்று தடவை ஏறி இறங்குவோம். ஏற்றத்தில் வாங்குவது மூச்சு. கால் போவது இறக்கத்தில்தான். தொடைத்தசை இழுபட்டுக்கொண்டே உடம்பைத் தாங்கவேண்டியிருப்பதால் மறுநாள் நாற்காலியில் உட்காரக்கூட முடியாது. அதைப் படியில் இறங்கித்தான் பழக்கமுடியும், வேறு குறுக்குவழி இல்லை. அடிவாரத்தில் பூக்கட்டுகிற அம்மா எங்கள் மூட்டையைப் பார்த்து, "என்ன நேந்துருக்கீங்க?" என்று கேட்டார். அண்ணன், "அரிசி," என்றான். அதற்குமேல் அவர் எங்களிடம் பூவுக்குக் காசு வாங்குவதில்லை. அரிசியை இன்னும் கோயிலில் சேர்க்கவில்லை என்ற குற்றவுணர்வு எனக்கு இருக்கிறது.

சாப்பாட்டில் போன தடவையும் குறையில்லை. நல்லெண்ணெயில் புரட்டிய பொடி இட்லி வாழையிலையில் கட்டியது, எள்ளுருண்டை, சுக்குக் கருப்பட்டி. பிளாஸ்டிக் உறை எதையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் இலையும் துணியும்தான். தண்ணீர் பொங்கல்பாறையில் கடைசி. அங்கிருந்து மேலே ஆளுக்கு இரண்டு லிட்டர். பூசைச்சாமான் அனுமதி இல்லை. அம்மா கொடுத்த விபூதிப் பொட்டலத்தை மைனி தன் முந்தானையில் முடிந்துகொள்வதாகச் சொன்னாள். அவள் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு வருகிறவள். எந்த முந்தானை என்று அம்மா கேட்கவில்லை.

அட்டைக்கு மட்டும் ஒரு சொல். தையில் குறைவுதான், ஓடைக்கரையில் இருக்கும். கடைகளில் விற்கிற தெளிப்பான் எல்லாம் வாங்கிப் பார்த்தேன். உப்பையும் மூக்குப்பொடியையும் கலந்து பழைய வேட்டித்துணியில் கட்டி, நனைத்து, சாக்ஸுக்கு மேல் தேய்ப்பது மைனியின் முறை. அது போதும்.

குறுமுனி அகத்தியர் வடக்கே இருந்து வந்து நின்றதால் தாழ்ந்த பூமி சமமானது என்பார்கள். பாபநாசத்தில் சித்திரை விஷுவுக்கு அவருக்குக் கல்யாணக்காட்சி கொடுப்பதைச் சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தோளிலிருந்துதான் முதலில் மலையையும் பார்த்திருப்பேன், தப்பான மேட்டை. 1868 மீட்டர் உயரத்திலிருந்து நம் ஊர்ப்பக்கம் திறந்திருந்தால் காரையாறு அணைத்தண்ணீர் தெரியுமாம். எங்கள் மாடி தெரியாது, தெரியும் என்று அண்ணன் பந்தயம் கட்டியிருக்கிறான். மாடியில் சிவப்புப் போர்வை ஒன்றை விரித்துவைக்கச் சொல்லி அம்மாவிடம் ஏற்பாடு.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். இன்று காலை மைனி போனில் பட்டியலைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தாள். மாஞ்சோலை இல்லை. காக்காச்சி இல்லை. நாலுமுக்கு இல்லை. ஊத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள்.

"ரெண்டு மில்லி," என்றாள். "நாளைக்கும் பாப்போம்."